பாப்பம்மாவும் எதிர்நெருப்பும்

பாப்பம்மா அக்கா புத்தியில்லாம ஒரு வருஷத்துக் கரும்பை நெருப்புக்குக் குடுத்துட்டான்னு இன்னிக்கும் சொல்றவங்க எங்க நமாகா ஊருல இருக்காங்க. கல்யாண வீட்டுல பந்தியில உட்கார்ந்தா போதும், யாராவது ஒருத்தர் எடுத்துக் குடுப்பாங்க, மத்தவங்க சிரிப்பாங்க. அவங்க வாயில மண்ணு விழ. அன்னிக்கு அங்க நின்னவ நான். என் பேரு ஹவ்வா, மஜீத் பொண்டாட்டி. அந்தக் கதையில காணாமப் போன புள்ள என் புள்ள. அதனால முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க, அப்புறம் சிரிக்கணும்னா சிரிச்சுக்குங்க.

பாப்பம்மா அக்கா பொறந்ததே இந்த ஃபிஜி மண்ணுலதான். அவளைப் பெத்தவங்க வட ஆற்காட்டுப் பக்கமிருந்து கப்பல்ல வந்து, கூலி லைன்ல கெடந்து, கிர்மிட் ஒப்பந்தம் முடிஞ்சு வெளியே வந்தவங்க. அக்கா ஆளு குட்டை. குரல் மட்டும் ரெண்டு ஆளு குரல். அவ காட்டுல நின்னு மாட்டைத் திட்டினா எங்க வீட்டு மாடு காதைத் தூக்கும். உப்பு கடன் வாங்க வருவா, வந்த வேலையை மறந்துட்டு என் அடுப்பைப் பார்ப்பா, என் புள்ளைங்க மூக்கைப் பார்ப்பா, என் புருஷன் சட்டைப் பொத்தானைப் பார்ப்பா, எல்லாத்துக்கும் ஒரு குறை சொல்லிட்டு உப்பு வாங்காமலே போயிடுவா. நான் சுவா பட்டணத்துல வளர்ந்தவ, எங்க அத்தா அப்துல் ரஷீத் அங்க தையல்காரர். கல்யாணமாகி இங்க வந்தப்போ எனக்கு மாட்டைக் கட்டவும் தெரியாது, அவுக்கவும் தெரியாது. 'சுவாக்காரி, சுவாக்காரி'ன்னு அக்கா என்னைப் பண்ணாத கேலி இல்லை. எத்தனையோ நாள் அழுதுக்கிட்டே படுத்திருக்கேன். மறுநாள் காலையில ஒரு கிண்ணம் தயிரோட வந்து நிப்பா. அவளை வெறுக்கவும் முடியாது, தாங்கவும் முடியாது, அப்படி ஒரு பொம்பளை.

அவ வீட்டுக்காரர் ஏழுமலை மாமா நேர் எதிர். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினா அது பண்டிகை நாள்.

ஜூலை மாசம்னா எங்களுக்குக் குளிரும் கரும்பு வெட்டும் ஒண்ணா வரும். காலையில பனி பெய்யும். புள்ளைங்க கன்னம் வெடிச்சுப்போகும், தேங்காயெண்ணெய் தடவித் தடவி அதுங்க தலையணையெல்லாம் சிக்கு நாத்தம் அடிக்கும். ஒண்ணுக்குச் சளி வந்தா அடுத்த வீட்டு ஒண்ணுக்கும் வந்துடும். ஆம்பளைங்க விடியக்காலம் கத்தியைத் தூக்கிட்டுப் போனா பொழுது சாய்ஞ்சுதான் வருவாங்க, உடம்பெல்லாம் கரும்புச் சுணை. நான் சொல்ற வருஷம், உலகச் சண்டை முடிஞ்சு மூணாவது வருஷம், நோன்பும் அந்த மாசத்துலேயே வந்து சேர்ந்துக்கிச்சு. இருட்டோட எழுந்து சஹருக்குச் சமைக்கணும், பகலெல்லாம் பச்சைத்தண்ணி படாம வேலை செய்யணும், சாயங்காலம் கஞ்சி காய்ச்சணும். அந்தக் கஞ்சி வாசம் பிடிச்சுக்கிட்டு பாப்பம்மா அக்கா பொண்ணுங்க மூணும் என் வாசல்ல வந்து வரிசையா உட்காரும். நோன்பு புடிச்ச எனக்கு முன்னாடி அதுங்க குடிச்சு முடிச்சுடும். அக்காகிட்டச் சொன்னா, 'அல்லாவுக்கு எம்புள்ளைங்களும் வேண்டியதுதானடி'ன்னுவா.

எங்க வெட்டுக் கேங்குல ஒரு டஜன் ஆம்பளைங்க இருந்தாங்க. பொன்சாமிதான் சர்தார், கேங்குக்குத் தலைவர். ஒவ்வொருத்தர் காடா வரிசையா வெட்டிக்கிட்டே போவாங்க. மில்லுக்குக் கரும்பு போற ட்ராம் லைனோரமா கிட்டக்கிட்ட இருந்த வீடு மூணு: எங்க வீடு, பாப்பம்மா அக்கா வீடு, சர்தார் வீடு. மூணு வீட்டுப் பொம்பளைங்களும் எங்களுக்குள்ள ஒரு முறை வச்சிருந்தோம். யார் காட்டுல அன்னிக்கு வெட்டோ அவ கேங்குக்குச் சமைக்கணும். வரிசையில அவளுக்கு அடுத்தவ மூணு வீட்டுப் புள்ளைங்களையும் பார்த்துக்கணும். மூணாமவளுக்கு அன்னிக்கு ஓய்வு. ஓய்வுன்னா துணி துவைக்கிறது, விறகு பொறுக்குறது, மாட்டுக்குத் தோகை சுமக்குறது. எனக்கு அடுத்து பாப்பம்மா அக்கா, அவளுக்கு அடுத்து சர்தார் பொண்டாட்டி கம்லா, கம்லாவுக்கு அடுத்து திரும்ப நான். ரெண்டு சீசனா ஒரு பிசகு இல்லாம நடந்துச்சு.

அன்னிக்கு எங்க காட்டுல வெட்டு ஆரம்பிக்கணும். அப்போ சமையல் எனக்கு, புள்ளைங்க அக்காவுக்கு. சஹர் முடிஞ்ச கையோட கேங்குக்கு ரொட்டி மாவு பிசைஞ்சு வச்சுட்டேன். விடியுற நேரத்துல சர்தார் எங்க வாசல்ல வந்து நின்னார். ராத்திரி அவர் காட்டு மூலையில நெருப்புப் புடிச்சிருக்கு. எந்த அடுப்புப் பொறியோ, யார் பீடியோ, யாருக்குத் தெரியும். ஒரு மூலை எரிஞ்சு தானே அடங்கியிருக்கு. எரிஞ்ச கரும்பு காத்திருக்காது. ரெண்டு மூணு நாள்ல புளிச்சுப்போகும், அப்புறம் மில்லுல சீந்த மாட்டாங்க. அதனால எரிஞ்ச காட்டை முதல்ல வெட்டணும், அது எல்லா கேங்குலயும் உள்ள வழக்கம்.

"மஜீத், உன் காடு தள்ளிப்போகுது. கேங்கு என் காட்டுக்கு வருது," சர்தார் சொன்னார். "கம்லா ஒண்ணும் தயார் பண்ணலை. ஹவ்வா பிசைஞ்ச மாவைச் சுட்டு அங்கேயே கொண்டாந்துடட்டும்."

சரின்னேன். நான்தானே சமைக்கிறேன், அப்போ புள்ளைங்க அக்காகிட்டத்தானே. எனக்கு வேற யோசனையே வரலை. பெரியவன் நிசாம் சங்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டான். சின்னவ நூர்ஜஹானுக்கு நாலு வயசு. மாவுச் சாக்குல தச்ச கவுனைப் போட்டு, தலையில துண்டைச் சுத்தி, "பாப்பம்மா பெரியம்மா வீட்டுக்குப் போ, வேற எங்கேயும் போகாதே"ன்னு சொல்லி அனுப்பினேன். கூப்பிடு தூரம்தான், தெனம் போற வழி. அந்தக் கவுனுக்கு நானே பச்சைச் சாயம் போட்டிருந்தேன். அழுக்குத் தெரியாதுன்னு.

அக்கா வீட்டுல என்ன நடந்துச்சுன்னு எனக்கு அப்புறம்தான் தெரியும். ஏழுமலை மாமா கத்தியை எடுத்துட்டுப் போறப்போ, "இன்னிக்கு வெட்டு சர்தார் காட்டுல"ன்னு அவருக்குண்டான நாலு வார்த்தையில சொல்லிட்டுப் போயிருக்கார். சர்தார் காட்டுல வெட்டுன்னா சமையல் கம்லாவுக்கு, புள்ளைங்க கம்லாவுக்கு அடுத்தவகிட்ட. அதாவது எங்கிட்ட. முறைப்படி அக்கா நினைச்சதுதான் சரி. மாவைப் பிசைஞ்சவ நான்ங்கிறது அவளுக்கு எப்படித் தெரியும்? பொண்ணுங்க மூணையும் என் வீட்டுக்கு ஓட்டிவிட்டுட்டு, கைக்குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டு, அழுக்கு மூட்டையோட ஆத்துக்குப் போயிட்டா.

நூரை அனுப்பின கையோட நான் ரொட்டியும் தாலும் கூடையில தூக்கிட்டு லைனோரமா சர்தார் காட்டுக்குப் போனேன். கேங்குக்குப் பரிமாறி, ஏனம் கழுவி, நான் திரும்ப மதியம் தாண்டிடுச்சு. காத்து ஏறியிருந்துச்சு. அந்த மாசத்துல மதியம் அடிக்கிற காத்து வறண்ட காத்து, தோகையெல்லாம் கலகலன்னு சத்தம் போடும். வீட்டுக்கு வந்தா என் வாசல்ல அக்கா பொண்ணுங்க மூணும் கல்லாங்கா ஆடிக்கிட்டு இருக்குதுங்க.

"நீங்க ஏண்டி இங்க இருக்கீங்க?"

"அம்மா இங்கதான் இருக்கச் சொன்னாங்க, சின்னம்மா," பெரியவ சொன்னா.

"நூரு எங்க?"

மூணும் ஒண்ணை ஒண்ணு பார்த்துக்கிச்சு. நடுவுலவ ப்ரேமிலா, அவளுக்கு அஞ்சு வயசு இருக்கும், அவதான் சொன்னா. "நாங்க வர்றப்போ தடத்துல போனா சின்னம்மா. வாடின்னு கூப்பிட்டோம். எங்கம்மா பெரியம்மா வீட்டுக்குத்தான் போகச் சொன்னாங்கன்னு போயிட்டா. அப்புறம் பெரியம்மாவைக் காணோம்னு மேலக்காட்டுப் பக்கமா போனா. கூப்பிட்டா திரும்பலை."

சொன்ன சொல்லை மீறாத புள்ளை. பெரியம்மாகிட்டப் போன்னு நான் சொன்னேன், பெரியம்மா எங்க இருப்பான்னு தேடிக்கிட்டுப் போயிருக்கு. மத்த புள்ளைங்க மாதிரி அடங்காத கழுதையா இருந்திருந்தா ப்ரேமிலா கையைப் புடிச்சுக்கிட்டு என் வாசலுக்கே திரும்பி வந்திருக்கும்.

மேலக்காடுன்னா எதுன்னு சொல்லிடறேன். சர்தார் காட்டுக்கும் எங்க காட்டுக்கும் நடுவுல அக்கா காடு. அதை ஒரு வண்டித்தடம் ரெண்டாப் பிரிக்கும். தடத்துக்கு அந்தாண்டை, சர்தார் காட்டை ஒட்டினது மேலக்காடு. இந்தாண்டை, அவங்க வீடு வரைக்கும் கீழக்காடு. அவங்களுக்கு இருந்த கரும்பு அவ்வளவுதான். அந்த வருஷம் நல்ல விளைச்சல், ஆள் உசரத்துக்கு ரெண்டு மடங்கு. உள்ள போன ஆளு கையை நீட்டினா அந்தக் கை தெரியாது.

நான் கத்திக்கிட்டே ஓடினேன். ஆத்துலேர்ந்து ஏறி வந்த அக்கா தடத்து முனையில என்னைப் பார்த்துட்டா. ஈரத்துணி மூட்டை தலையில, குழந்தை இடுப்புல. "நூரு உங்கிட்டதானே இருக்கா?"ன்னு நான் கேட்டேன். "உங்கிட்டதானே எம்பொண்ணுங்களே இருக்காங்க"ன்னு அவ சொன்னா. சொல்லி முடிக்கிறதுக்குள்ள ரெண்டு பேருக்கும் புரிஞ்சுபோச்சு. அக்கா மூட்டையைக் கீழ போட்டா.

அப்பதான் புகை வாசம் வந்துச்சு. காலையில அணைஞ்சுதுன்னு விட்ட மூலையில எங்கேயோ தூரு கனன்னுக்கிட்டு இருந்திருக்கு. காத்து அதை ஊதி எழுப்பிடுச்சு. சர்தார் காட்டோட மிச்சத்தைத் தாண்டி நெருப்பு மேலக்காட்டுல ஏறிடுச்சு. படபடன்னு சத்தம், மூங்கில் வெடிக்கிற மாதிரி. கேங்கு ஆளுங்க லைன் வழியா தடத்துக்கு ஓடி வந்தாங்க. முன்னால சர்தார், ஒரு கையில மண்ணெண்ணெய் டின், ஒரு கையில காஞ்ச தோகையில கட்டின பந்தம்.

எதிர்நெருப்பு வைக்க வந்தாங்க. கரும்புக் காட்டுல நெருப்பு வந்தா தண்ணி ஊத்தி அணைக்கிற வேலையெல்லாம் ஆகாது. எதிர்ப் பக்கத்துலேர்ந்து இன்னொரு நெருப்பு வைக்கணும். ரெண்டும் நடுவுல முட்டிக்கிட்டு, திங்க ஒண்ணுமில்லாம அடங்கிடும். தடத்து ஓரமா மேலக்காட்டுல பத்தவச்சா மேலக்காடு போகும், கீழக்காடு தப்பிச்சுக்கும். வைக்கலைன்னா நெருப்பு தடத்தைத் தாண்டிக் கீழக்காட்டையும் முழுங்கிடும். எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்குதான் அது. அக்காவுக்கும் தெரியும்.

"வைக்காதீங்க சர்தார், எம்புள்ளை உள்ள இருக்கு," நான் அவர் கையைப் புடிச்சேன்.

"உள்ள இருக்குன்னு யார் பார்த்தா?"

"ப்ரேமிலா பார்த்திருக்கா. இந்தப் பக்கம்தான் போயிருக்கா."

"காலையில போன புள்ளை இன்னும் அங்கேயே நிக்குமா? எங்கேயாவது விளையாடிக்கிட்டு இருக்கும். நேரமில்லை, தள்ளு." அவர் கெட்டவர் இல்லை. அன்னிக்கும் நான் அப்படிச் சொல்லலை, இன்னிக்கும் சொல்லலை. ஆனா அந்த நிமிஷம் ஒரு கரும்புக் கத்தி என் கையில இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு எனக்கே தெரியாது.

எங்க வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார், கத்தியைப் போட்டுட்டு, "நூரு, நூரு"ன்னு கூப்பிட்டுக்கிட்டே நேரா கரும்புக்குள்ள பூந்துட்டார்.

சர்தார் குச்சியைக் கிழிச்சுப் பந்தத்தைப் பத்தவச்சார். பாப்பம்மா அக்கா அவர் முன்னால போய் நின்னா. கத்தலை. அந்தக் குரல் கத்தாம இருந்து நான் பார்த்தது அன்னிக்குத்தான்.

"அண்ணே, அந்தப் பக்கம் நெருப்பு. நீங்க இந்தப் பக்கமும் வச்சா உள்ள இருக்குற புள்ளை எந்தப் பக்கம் வரும்?"

"பாப்பம்மா, இது உன் கரும்பு. உனக்காகத்தான் வைக்கிறேன்."

"என் கரும்புதானே. வைக்க வேணாம்."

"உன் புருஷனைக் கேட்டுட்டுப் பேசு."

"கேட்டுட்டேன்," அக்கா சொன்னா. ஏழுமலை மாமா இன்னும் வந்தே சேரலை.

சர்தார் அவளைச் சுத்திக்கிட்டுப் போகப் பார்த்தார். அக்கா எட்டி அந்தப் பந்தத்தை அவர் கையிலேர்ந்து பறிச்சு, ஓரத்து வாய்க்கால் தண்ணியில முக்கிட்டா. அப்புறம் மண்ணெண்ணெய் டின்னைக் காலால ஒரு எத்து. அது தடத்துல உருண்டு சேத்துல கவுந்துச்சு. கேங்கு ஆளுங்க அப்படியே நின்னுட்டாங்க. ஒரு பொம்பளை சர்தார் கையிலேர்ந்து பந்தத்தைப் பறிச்சதை அவங்க அதுக்கு முன்னாடி பார்த்ததில்லை.

"நிக்கிறீங்களேடா பாவிங்களா," இப்பதான் அவ குரல் திரும்பி வந்துச்சு. "உள்ள போய்த் தேடுங்க. ஆளுக்கொரு வரிசையா போங்க. புகை மூஞ்சியில அடிச்சா திரும்பிடுங்க."

அந்த நேரத்துல ஏழுமலை மாமா வந்தார். புகையைப் பார்த்தார், வாய்க்கால்ல மெதக்குற பந்தத்தைப் பார்த்தார், பொண்டாட்டியைப் பார்த்தார். "மஜீத் புள்ளை உள்ள இருக்குங்க," அக்கா சொன்னா. அவர் தலைத்துண்டை அவுத்து வாய்க்கால்ல நனைச்சு மூக்குல கட்டிக்கிட்டு உள்ள போயிட்டார். நாலு வார்த்தைகூட இல்லை.

நானும் போனேன். போனா என்ன தெரியும்? முன்னால கரும்பு, பின்னால கரும்பு, மூஞ்சியெல்லாம் தோகை கிழிக்குது. பச்சைக் கவுனு. பச்சையில பச்சையை எங்க தேடுவேன். ஒவ்வொரு தூரையும் கையால தடவித் தடவிப் பார்த்தேன். சத்தம் கிட்ட கிட்ட வந்துச்சு. சூடு கன்னத்துல அடிச்சுச்சு. யாரோ என் முந்தானையைப் புடிச்சு வெளியே இழுத்தாங்க. தடத்துல வந்து விழுந்தப்போ பார்த்தா, இழுத்தது பாப்பம்மா அக்கா. கைக்குழந்தையைத் தரையில ஈரத்துணி மேல கெடத்திட்டு எனக்காக உள்ள வந்திருக்கா.

ஒவ்வொருத்தரா இருமிக்கிட்டே வெளியே வந்தாங்க. ஒருத்தர் கையிலயும் புள்ளை இல்லை. கடைசியா எங்க வீட்டுக்காரரை ஏழுமலை மாமா தோளைப் புடிச்சுத் தள்ளிக்கிட்டு வந்தார். அவர் புருவம் கருகியிருந்துச்சு. வந்தவர் திரும்பவும் உள்ள போகப் பார்த்தார், நாலு பேர் சேர்ந்து புடிச்சு உட்காரவச்சாங்க. அப்புறம் நெருப்பு தடத்தைத் தாண்டுச்சு. எங்க தலைக்கு மேலயே தாண்டுச்சு. கீழக்காடு புடிச்சுக்கிச்சு. எல்லாரும் வாய்க்காலோட ஓடி லைன்ல ஏறினோம்.

கரும்பு எரிய ரொம்ப நேரம் ஆகாது. ஒரு அடுப்புல சோறு கொதிக்கிற நேரம்தான். ஆனா அந்த நேரம் எனக்கு இன்னும் முடியலை. லைன் கட்டை மேல உட்கார்ந்து, என் புள்ளை அதுக்குள்ள இருக்குன்னு நினைச்சுக்கிட்டு, அதைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். அல்லாகிட்ட என்ன கேட்டேன்னு நினைவில்லை. அக்கா எங்கேயோ ஓடித் தண்ணி கொண்டுவந்து என் வாயில வச்சா. நோன்புன்னு தலையை ஆட்டினேன்.

"குடிடி. அல்லாகிட்ட நான் சொல்லிக்கிறேன்," அவ சொன்னா. அவ பின்னாலதான் அவ காடு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கலை.

அக்கா வீட்டு வெட்டவெளியில முட்டித் தீ அடங்கினதும் ஆம்பளைங்க உள்ள போனாங்க. எதைத் தேடுறாங்கன்னு யாரும் வாய்விட்டுச் சொல்லலை. குனிஞ்சுக்கிட்டே நடந்தாங்க. தோகையெல்லாம் போய், கரும்பு மட்டும் கறுப்பா நின்னுச்சு. இப்போ உள்ள நடக்குற ஆளுங்க நல்லாத் தெரிஞ்சாங்க. எங்க வீட்டுக்காரர் ஒவ்வொரு வரிசைக்கும் குனிஞ்சு எழுந்ததை இங்கிருந்தே பார்த்தேன்.

அப்பதான் லைன் மேல, ஆத்துப் பக்கத்துலேர்ந்து லித்தியா வந்தா. லித்தியா பக்கத்து கோரோவுல, அதாவது இந்த மண்ணுக்காரங்க கிராமத்துல, இருக்குற ஃபிஜிக்காரி, ஆத்துல சிப்பி பொறுக்கி விக்க வருவா, எங்க எல்லாருக்கும் தெரிஞ்சவ. அவ தோள் மேல பச்சைக் கவுனு. நூர்ஜஹான். வாயெல்லாம் மரவள்ளிக்கிழங்கு அப்பிக்கிட்டு.

புள்ளை மேலக்காட்டுத் தடத்தோட நடந்து லைனுக்குப் போயிருக்கு. அங்க லித்தியா கூடையோட போறதைப் பார்த்து, அவ பின்னாடியே ஆத்துக்குப் போயிருக்கு. பாப்பம்மா பெரியம்மா ஆத்துலதான் இருப்பான்னு அதுக்கு யாரோ சொல்லியிருக்காங்க. ஆனா அக்கா துவைச்சது மேல்துறை, லித்தியா போனது கீழ்த்துறை. தாய்க்காரி எங்கேயோ கிட்ட வேலையா இருக்கான்னு லித்தியா நினைச்சுக்கிட்டு, தன் புள்ளைங்களோட சேர்த்துக் கிழங்கு குடுத்துத் தூங்கவச்சிருக்கா. புகையைப் பார்த்ததும் தூக்கிட்டு ஓடி வந்திருக்கா. நான் அழுறதைப் பார்த்து அவ பயந்துட்டா. "செங்கா நா லெங்கா, செங்கா நா லெங்கா"ன்னு என் முதுகைத் தடவினா. ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லைன்னு.

நான் புள்ளையை வாங்கி முதல்ல ரெண்டு அறை வச்சேன். அப்புறம் கட்டிக்கிட்டேன். அது எதுக்கு அடி வாங்கினோம்னே தெரியாம அழுதுச்சு. "நீ சொன்ன மாதிரி பெரியம்மாவைத்தானே தேடினேன்"னு விக்கி விக்கிச் சொல்லிச்சு. எங்க வீட்டுக்காரர் கறுத்த காட்டுக்குள்ளேர்ந்து ஓடி வந்து எங்க ரெண்டு பேர் காலடியிலயும் உட்கார்ந்துட்டார்.

பாப்பம்மா அக்கா கிட்ட வந்து புள்ளை வாயைத் துடைச்சுவிட்டா. "என்னடி தின்னே?"ன்னு கேட்டா. "கிழங்கு, பெரியம்மா." "எனக்கு வச்சியா?"ன்னு கேட்டா. கேட்டுட்டு அப்படியே லைன் கட்டையில உட்கார்ந்து, அப்பதான் திரும்பித் தன் காட்டைப் பார்த்தா. பார்த்து அழுதா. கரும்புக்குத்தான் அழுதான்னு சிலர் பேசினாங்க. கரும்புக்கும்தான் அழுதா. அதுல என்ன தப்பு? அதை நட்டவ அவ, களை எடுத்தவ அவ, வயித்துப் புள்ளையோட அதுக்கு மண்ணு அணைச்சவ அவ. அழாம என்ன பண்ணுவா?

சாயங்காலமே பேச்சு ஆரம்பிச்சுடுச்சு. புள்ளை உள்ள இல்லவேயில்லையே, எதிர்நெருப்பு வச்சிருந்தா கீழக்காடு தப்பிச்சிருக்குமே, சும்மா போச்சேன்னு. சர்தாரே சொன்னார். நான் நேரா அவர் வாசலுக்குப் போய்க் கேட்டேன். "புள்ளை உள்ள இல்லைன்னு உங்களுக்கு எப்போ தெரியும் சர்தார்? பந்தத்தைக் கையில வச்சிருந்தப்போ தெரியுமா?" அவர் திரும்பிக் கத்தியைத் தீட்ட உட்கார்ந்துட்டார். கம்லாதான் என் கையைப் புடிச்சு உள்ளே கூட்டிட்டுப் போனா.

எரிஞ்ச ரெண்டு காட்டையும் புளிக்கிறதுக்கு முன்னாடி வெட்டி, லைன்ல ஓடுற மில்லு ட்ரக்குல ஏத்தணும். சர்தார் காடு அரைவாசி நிக்குது, அதை முடிச்சுட்டு அக்கா காட்டுக்கு வர்றதுன்னா பாதி வீணாகும். எங்க காட்டுக்குன்னு வந்திருந்த ட்ரக்கையெல்லாம் எங்க வீட்டுக்காரர் ஏழுமலை மாமாவுக்குத் தள்ளிவிட்டார். எங்க கரும்பு பச்சையா நிக்குது, அது காத்திருக்கும். ஆனா ட்ரக் இருந்து என்ன, வெட்ட ஆள் வேணுமே. கேங்கை ரெண்டாப் பிரிச்சாலும் பத்தாது. கத்தி புடிக்கத் தெரிஞ்ச பொம்பளைங்களும் வரணும்னு முடிவாச்சு.

மறுநாள் காலையில நான் வாசல்ல நின்னேன். நூர்ஜஹானை என் இடுப்போட ஒரு பழைய சேலையால கட்டியிருந்தேன். அவிழ்க்க மனசு வரலை. கத்தியும் எடுத்து வச்சிருந்தேன். என்ன ஆனாலும் சரி, அவ காட்டுல போய் வெட்டுறதுன்னு இருந்தேன். அவ முகத்தைப் பார்க்க மட்டும் பயமா இருந்துச்சு.

அக்கா வந்தா. தலையில துண்டு கட்டி, ஏழுமலை மாமாவோட பழைய சட்டையைப் போட்டு, கையில கரும்புக் கத்தி. பின்னால பொண்ணுங்க மூணும், கம்லா புள்ளைங்க ரெண்டும். என் கையிலேர்ந்து கத்தியை வாங்கி வேலியில சாய்ச்சு வச்சுட்டு, கைக்குழந்தையை என் கையில குடுத்தா.

"நீ வெட்ட வர வேணாம். இதுங்களைப் பார்த்துக்க."

"எங்கிட்டயா அக்கா? என் புள்ளையவே நேத்துத் தொலைச்சுட்டு உன் காட்டை எரியவிட்டவ நான். எங்கிட்டயா விடுறே?"

"வேற யாருகிட்ட விடுறது?" அக்கா குழந்தைக்குத் துணியைச் சரி பண்ணிக்கிட்டே சொன்னா. "இன்னிக்கு நமாகாவுலயே புள்ளைங்க மேலேர்ந்து கண்ணை எடுக்காம இருக்கப்போறவ நீ ஒருத்திதான்."

சொல்லிட்டு லைனைத் தாண்டி அந்தக் கறுத்த காட்டுக்குள்ள போயிட்டா. நான் அன்னிக்குப் பொழுது சாயுற வரைக்கும் உட்காரவே இல்லை.